கட்டியக்காரனிடமிருந்துதான் ப்ரெக்ட் கற்றாரா?

ஏப்ரல் 26 – பாலக்கோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி

"நவீன நாடகம் நவீன நாடகம் என்கிறீர்கள். ஜெர்மன் நாடகக்காரர் ப்ரெக்ட் சொன்ன அந்நியமாதல், அதாவது பார்க்கிறவனைக் கதையிலிருந்து விலக்கி யோசிக்க வைப்பது, நம்ம தெருக்கூத்தில் கட்டியக்காரன் காலங்காலமாகச் செய்வதுதானே? பாதிக் கதையில் வந்து ராஜாவைக் கிண்டல் செய்கிறான், ஊர்ப் பெரியவரைக் கிண்டல் செய்கிறான், மைக்கில் அன்பளிப்பு வாசிக்கிறான், மறுபடி கதைக்குள் போகிறான். நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய் நமக்கே பாடம் நடத்துகிறார்கள். இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்."

ஏப்ரல் 26, இரவு 11.40

இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. இருபத்திரண்டு வயதில் நானும் இதையே ஊர் ஊராகப் பேசினேன். இப்போது அப்படிப் பேச முடியவில்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன்.

ப்ரெக்ட் பார்த்தது கூத்தை அல்ல, சீன ஆட்டத்தை. 1935-ல் மாஸ்கோவுக்கு மெய் லான்ஃபாங் வந்திருந்தார். பெய்ஜிங் ஓபராவில் பெண் வேஷம் கட்டுவதில் பெரிய பெயர். வேஷமும் இல்லாமல், தனி விளக்கும் இல்லாமல், விருந்துக்குப் போகிற கோட்டோடு நின்று ஆடிக் காட்டினாராம். அதற்கு அடுத்த வருஷம் சீன நடிப்பைப் பற்றி ப்ரெக்ட் கட்டுரை எழுதினார். அதில் ஒரு மீனவப் பெண் வருகிறாள். படகு கிடையாது. முழங்காலுக்கு எட்டுகிற ஒரு சின்னத் துடுப்பு, அவ்வளவுதான். ஆறு வேகமெடுக்கிறது, அவள் தடுமாறுகிறாள், பார்க்கிறவனுக்கு ஆறு தெரிகிறது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் அர்ச்சுனன்தான் ஞாபகம் வந்தான். தேர் கிடையாது, குதிரை கிடையாது, மரப்பெஞ்சு ஒன்றுதான். அதன்மேல் ஏறி நின்று சலங்கையை உதறினால் தேர் கிளம்பிவிடும்.

ஏப்ரல் 27, காலை

ஒன்று விட்டுப்போயிற்று. 'அந்நியமாதல்' என்று எழுதாதீர்கள். அது மார்க்ஸ் சொன்ன விஷயத்துக்குத் தமிழில் ஏற்கெனவே வைத்த பெயர், தொழிலாளி தன் உழைப்பிலிருந்தே விலகிப்போவது. ப்ரெக்ட் சொன்னது வேறு. பழகிப்போன ஒன்றை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்க்க வைப்பது. ஜெர்மன் மொழியிலேயே இரண்டும் தனித்தனிச் சொற்கள். நான் 'தூரப்படுத்தல்' என்றே எழுதுகிறேன். முழுத் திருப்தி இல்லை, ஆனால் குழப்பாது.

ஏப்ரல் 27, மதியம்

'நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்' என்கிறீர்கள். வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்காது. ப்ரெக்ட் 1928-லேயே தன் மூன்று காசு நாடகத்தில் அரைத்திரை கட்டிவிட்டார். மேடையின் பாதி உயரத்துக்கு ஒரு மெல்லிய துணி, மேலே விளக்குகள் தெரியும், பின்னால் ஆட்கள் சாமான் மாற்றுவதும் தெரியும். எதையும் மறைக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். மெய் லான்ஃபாங்கைப் பார்த்தது அதற்கு ஏழு வருஷம் கழித்து. நடுவில் 1930-ல் ஜப்பானிய நோ நாடகம் ஒன்றின் மொழிபெயர்ப்பிலிருந்து 'ஆம் என்பவன்' எழுதியிருக்கிறார். ஆக, ஏற்கெனவே ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவர், அதே மாதிரி ஒன்றை ஆசியாவில் கண்டதும் பிடித்துக்கொண்டார். எனக்குப் படுவது இதுதான். திருட்டு என்று சொல்ல மாட்டேன்.

அதே காலத்தில் பிரெஞ்சு நாடகக்காரர் ஆர்த்தோ பாலித் தீவுக்குப் போய் அங்கே ஆட்டம் பார்த்துவிட்டு நேரெதிராக எழுதினார். வசனத்தை விடு, உடம்பு பேசட்டும், பார்க்கிறவனை உலுக்கு, மயக்கு. ஒருத்தர் ஆசியாவில் குளிர்ச்சியைக் கண்டார், இன்னொருத்தர் அனலைக் கண்டார்.

ஏப்ரல் 27, இரவு

திருத்தம். ஆர்த்தோ பாலிக்குப் போகவில்லை. 1931-ல் பாரிஸில் நடந்த காலனிக் கண்காட்சியில், டச்சுக்காரர்கள் போட்டிருந்த கூடத்தில் பாலி ஆட்டக்காரர்களைப் பார்த்தார். அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டேன். ஆனால் இந்தத் தப்பைத் திருத்தும்போதுதான் ஒன்று உறைக்கிறது. அடிமைப்படுத்திய நாட்டுக்காரன் கண்காட்சி போட்டு, கோயிலையும் ஊரையும் விட்டு ஆட்டத்தை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டியதை ஒருவர் பார்க்கிறார். இன்னொருவர் பார்த்தது கோட்டுப் போட்ட ஒரு நடிகரை, ஒரு அறையில். இரண்டு பேருமே ஊரைப் பார்க்கவில்லை. ஆட்டம் யாருக்காக, எந்த வேண்டுதலுக்காக, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, பக்கத்தில் யார் தூங்குகிறார்கள், எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் 29

பாலக்கோட்டு நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார்: "சுற்றி வளைக்காதீர்கள். கட்டியக்காரன் செய்வது தூரப்படுத்தலா, இல்லையா?"

தூரப்படுத்தல்தான். உங்கள் கட்சிக்கு இன்னும் வலுவான சாட்சி ஒன்று நானே தருகிறேன். கட்டியக்காரனை விடுங்கள், ராஜா வேஷத்தைப் பாருங்கள். திரைக்குப் பின்னால் நின்று தன்னைப் பற்றித் தானே பாடுகிறான், ஆனால் 'நான் வந்தேன்' என்று பாடுவதில்லை. துரியோதன மகாராஜன் வந்தானே, கொலுவுக்கு வந்தானே என்று யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோலப் பாடுகிறான். ப்ரெக்ட் தன் நடிகர்களுக்கு ஒத்திகையில் கொடுத்த பயிற்சிகளில் இதுவும் ஒன்று, உன் வசனத்தைப் படர்க்கையில் சொல்லிப் பார் என்பார். அங்கே ஒத்திகைப் பயிற்சி. இங்கே நடு ராத்திரியில் எண்ணூறு பேர் முன்னால் சர்வ சாதாரணமாக நடக்கிறது.

சரி, அப்படியானால் இரண்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லை. அதற்கு ஒரு காட்சி சொல்ல வேண்டும், நாளை எழுதுகிறேன்.

மே 1

காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாமே தருமபுரி மாவட்டம்தான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்திருந்தார்கள். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து. எனக்குப் பத்து வயது. ஆர்மோனியப் பெட்டிக்காரருக்குப் பின்னால் கோணியை விரித்து உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் துகிலுரிதல்.

துச்சாதனன் வேஷம் கட்டியவரை எனக்குத் தெரியும். மாந்தோப்பில் காவலுக்கு இருந்தவர். பகலில் நாங்கள் கல்லெறிந்தால் துரத்துவார். அந்த ராத்திரி கண்ணுக்குச் சிவப்பு இழுத்து, மீசையை வளைத்து, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, பாஞ்சாலி வேஷக்காரரைச் சபைக்குத் தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தார். பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். ஒரு கிழவி மண்ணை அள்ளித் தூற்றினாள். சேலையில் கை வைக்க வேண்டிய இடம் வந்தது. ஆட்டம் நின்றது. மிருதங்கம் நின்றது. அவர் திரும்பி, கோயில் பக்கம் பார்த்து, கிரீடத்தோடு கீழே குனிந்தார். ஒரு பையன் தட்டில் கற்பூரம் கொண்டு வந்து கொடுத்தான். அதை ஏற்றி, பாஞ்சாலி வேஷம் கட்டிய ஆளுக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினார். "தாயே, நான் வேஷக்காரன். வயித்துப் பொழப்புக்குக் கட்டினேன். என் மேல, என் புள்ளைங்க மேல கோவம் வைக்காதே" என்றார். கூத்துக் குரல் இல்லை, தோப்பில் பேசுகிற அதே குரல். கற்பூரம் அணைந்தது. எழுந்தார். திரும்பினார். கண் மாறியிருந்தது. சேலையைப் பிடித்தார்.

அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. பெட்டிக்காரரின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மே 1, பின்னிரவு

ஏன் இதைச் சொன்னேன் என்றால், அவர் வேஷத்தை விட்டு வெளியே வந்தார். படு சுத்தமாக வெளியே வந்தார். "நான் வேஷக்காரன்" என்று வாய்விட்டே சொன்னார். நாடக வகுப்பில் பாடமாக வைக்கலாம். ஆனால் எதற்காக வந்தார் என்று பாருங்கள். ப்ரெக்டின் நடிகன் வெளியே வருவது, பார்ப்பவன் கதையில் அடித்துக்கொண்டு போய்விடாமல் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று. எங்கள் துச்சாதனன் வெளியே வந்தது, உள்ளே இருப்பது விளையாட்டு இல்லை என்று அவருக்குத் தெரியும் என்பதால். அவள் அம்மன். தொட்டால் தீண்டும். இறங்கும் முன் அனுமதி கேட்டார்.

வெளியே வருகிற வாசல் ஒன்றுதான். ஒருவன் வெயிலுக்குப் போக வருகிறான், ஒருவன் அடுப்புக்குள் கை விடும் முன் கையை நனைத்துக்கொள்ள வருகிறான். ஆகவே தூரமும் ஆவேசமும் எங்கள் பக்கத்தில் ஒரே ராத்திரியில், ஒரே ஆளிடத்தில் இருக்கிறது. பத்து மணிக்குக் கட்டியக்காரன் சிரிக்க வைக்கிறான். விடிந்து, துரியோதனன் சாகிற படுகளச் சடங்கில் அவன் களிமண் உருவம் மல்லாந்து கிடக்கும்போது, அதே ஜனத்தில் நாலைந்து பேர் அருள் வந்து விழுகிறார்கள். ப்ரெக்டையும் ஆர்த்தோவையும் படித்தவர்கள் எதிரெதிர்க் கட்சியாக வைத்துப் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே பந்தலில் படுத்துத் தூங்குகின்றன.

ப்ரெக்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். சீன நடிகர் செய்வதை ஒரு நுட்பமாகப் பிரித்தெடுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று காண்பது சுலபமில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார். கவனமான மனிதர்தான். பின்னால் வந்தவர்கள்தான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

மே 4

ஓசூரிலிருந்து ஒரு தம்பி: "அண்ணா, இவ்வளவு இருந்தும் நவீன நாடகக்காரர்கள் கூத்தைத் தொட்டதில் என்ன லாபம்? கூத்துக்காரர்களுக்கு ஏதாவது கிடைத்ததா?"

கிடைத்திருக்கிறது. நாடக ஆசிரியர் ந. முத்துசாமி, புரிசை ஊர்த் தம்பிரான் பரம்பரையின் கூத்தைப் பார்த்து மனசைப் பறிகொடுத்தவர். 1977-ல் அவருடைய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை தொடங்கியது, அதே வருஷம் காந்திகிராமத்தில் பெரிய நாடகப் பட்டறையும் நடந்தது. அடுத்த வருஷம் மு. ராமசாமி மதுரையில் நிஜ நாடக இயக்கம் தொடங்கினார். அதுவரை சென்னைச் சபாக்களில் சோபாவில் உட்கார்ந்து பேசுவதுதான் நாடகம். உடம்பு என்று ஒன்று இருப்பதே அங்கே மறந்துபோயிருந்தது. அதை ஞாபகப்படுத்தியது கூத்துதான். திரும்பியும் வந்தது. புரிசைக் குழு ப்ரெக்டின் சுண்ணாம்பு வட்டக் கதையைக் கூத்தாகவே ஆடியிருக்கிறது. 2016-ல் பாரிஸில் பிரெஞ்சு இயக்குநர் அரியான் ம்னூஷ்கின் தன் குழுவுக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரானை ஆசிரியராக வைத்து, பிரெஞ்சு நடிகர்களைக் கிரீடம் கட்டி ஆட வைத்தார். மகாபாரதக் காட்சிகள், தமிழிலேயே பாடினார்கள். வெறும் அபிநயத்தைப் பார்த்துப் போகாமல், உட்கார்ந்து கற்றுக்கொண்டு போனார்கள். இது எனக்குப் பெரிய விஷயம்.

இங்கிலாந்து இயக்குநர் பீட்டர் புரூக்கின் மகாபாரத நாடகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1985, பிரான்ஸில் ஒரு கல்குவாரிக்குள், ஒன்பது மணி நேரம். எனக்கு அதன்மேல் ஒரே ஒரு குறைதான், அங்கே யாரும் எதற்கும் கற்பூரம் ஏற்றவில்லை.

மே 5

மேலே எழுதிய கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். அந்த வரியை எழுதத் தகுதி இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். ஏனென்றால் கற்பூரத்தை வேண்டாம் என்று சொன்னவன் நானும்தான்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரி விழா. நான்தான் ஒரு ஜமாவை, கூத்துக் குழுவை, பேசி அழைத்துப் போனேன். நாற்பது நிமிஷம் என்று சொல்லியிருந்தார்கள், துகிலுரிதல் மட்டும். மேடையில் நெருப்புக் கூடாது, தரையெல்லாம் கம்பளம், என்றார்கள். நான் கூத்து வாத்தியாரிடம் போய், "கற்பூரம் மட்டும் வேண்டாம்ங்க, மத்ததெல்லாம் அப்படியே ஆடுங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. வேஷக் கொட்டாய்க்குள் போய் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்தார். "தம்பி, கர்ண மோட்சத்துல ஒரு பாகம் ஆடிக்கிறோம். அது எங்களுக்கு ஒண்ணும் செய்யாது" என்றார். அவ்வளவுதான். நன்றாகத்தான் ஆடினார்கள். கைதட்டினார்கள். எனக்கு வீடு வரும்வரை ஒரு வார்த்தை வரவில்லை. பத்து வயதில் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவன், நாற்பதில் அதை 'மட்டும்' என்று சொல்லியிருக்கிறேன்.

ஓசூர் தம்பிக்கு: கூத்தைச் சுருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா. சுருக்கலாம். விடிய விடிய ஆடுவதை இரண்டு மணி நேரமாக்கி நல்ல வாத்தியார்களே ஆடியிருக்கிறார்கள். எதை எடுப்பது என்பதை அவர்கள் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது.

மே 9

கலைப்பயணம் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் தருமபுரி மாவட்டத்தில் பெண் சிசுக்கொலைக்கு எதிராக ஊர் ஊராகப் போய் ஆடினோம். வீதி நாடகம், வட்டமாக நின்று உடம்பாலேயே தொட்டில், கிணறு, வாசல் எல்லாம் ஆவோம். ஒரே நிறச் சட்டை, பறை, முழக்கம். பயிற்சி முழுக்க நவீன நாடகப் பயிற்சிதான். எனக்கு அதில் அசாத்தியப் பெருமை.

பென்னாகரம் பக்கம் ஒரு ஊர். நாடகம் பாதியிலேயே பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். யாரும் திட்டவில்லை, சண்டை போடவில்லை. சும்மா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள். அவர்கள் வீட்டில் நடந்ததை அவர்கள் முகத்துக்கு நேராக நின்று கத்தினால் வேறென்ன செய்வார்கள்? எங்களுக்கு அது அப்போது புரியவில்லை. 'விழிப்புணர்வு இல்லாத ஊர்' என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். இன்றைக்கு அந்த வரியை நினைத்தால் வலிக்கிறது.

ராத்திரி திண்ணையில் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஊர்க் கூத்து வாத்தியார் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வயதானவர், ஆடுவதை நிறுத்தியிருந்தார். "கொழந்தய ஏன் மொதல்லயே காட்டிட்டீங்க?" என்று கேட்டார். நாங்கள் துணி மூட்டை ஒன்றைக் குழந்தையாக வைத்துக்கொண்டு ஆடுவோம், முதல் காட்சியிலேயே அதைத் தூக்கிக் காட்டுவோம். "திரைக்குப் பின்னாடி வைங்க. பாட்டு மட்டும் வரட்டும்" என்றார்.

மறுநாள் அடுத்த ஊரில் செய்து பார்த்தோம். இரண்டு பேர் ஒரு சேலையைப் பிடித்தோம். பின்னால் எங்கள் குழுவிலிருந்த அக்கா ஒருத்தர். கூத்தில் ராஜா பாடுவதுபோலவே, மகள் வந்தாளே, ஆறாவது மகள் வந்தாளே என்று பாடினார். திரைக்குக் கீழே காலும் கொலுசும் மட்டும் தெரிந்தன. ஜனம் பழக்கப்படி திரை இறங்கும் என்று காத்திருந்தது. முன்னால் இருவர் பேசிக்கொண்டார்கள், மாமியாரும் மருமகளும், வேண்டுமா வேண்டாமா என்று. பாட்டு மெல்ல நின்றது. கால் தெரியாமல் போயிற்று. நாங்கள் திரையை இறக்கவில்லை. அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு நடந்தோம்.

ஒருத்தரும் எழுந்து போகவில்லை. வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தார்கள். ஒரு பாட்டி ஒப்பாரி எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் முழக்கம் போடவில்லை.

மே 10

இந்தத் திரையைப் பற்றிக் கொஞ்சம். இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மூன்று எழினி, அதாவது திரை, சொல்கிறார்: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரண்டு பக்கமிருந்து வந்து சேர்வது, மேலிருந்து இறங்குவது என்று விளக்குவார்கள். கதகளியில் இரண்டு பேர் பிடிக்கிற திரைச்சீலை, அதன் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு வேஷம் எட்டிப் பார்க்கிற திரநோக்கு. நோ நாடகத்தில் பாலம்போல நீள்கிற நடைபாதையின் கோடியில் ஐந்து நிறப் பட்டைகள் போட்ட திரை, அடியில் மூங்கில் கழி கட்டித் தூக்குவார்கள். அதற்குப் பின்னால் கண்ணாடி அறை என்று ஒன்று. முகமூடி மாட்டிய நடிகர் அதில் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வெளியே வருவார். எங்கள் வேஷக் கொட்டாயில் ரசம் போன கைக்கண்ணாடி ஒன்றை ஒரு பையன் பிடித்துக்கொண்டிருப்பான். கிரீடம் ஏறியபின் அதில் ஒருமுறை பார்ப்பார்கள், அப்புறம் யாரோடும் பேச மாட்டார்கள்.

இதில் யார் யாரிடமிருந்து கற்றார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ப்ரெக்டின் அரைத்திரையும் இந்த வரிசையில் உட்காரட்டும், தாராளமாக. ஆனால் அது மறைக்க மறுக்கிற துணி. எங்களுடையது காத்திருக்க வைக்கிற துணி.

மே 10, சற்று கழித்து

'மேலிருந்து இறங்குவது' என்று கரந்துவரல் எழினிக்கு நான் சொன்னது ஒரு விளக்கம்தான், சொல்லை அப்படியே எடுத்தால் மறைந்து வருவது. 'கரந்து' என்பதை நான் மறக்காமல் இருக்க வேண்டும் என்று இதை எழுதி வைக்கிறேன்.

மே 18

பாலக்கோட்டு நண்பர் நேற்று எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். சந்தோஷம். அன்று துகிலுரிதல் இல்லை, வேறு கதை, ஆனாலும் விடியும்வரை இருந்தார். இப்போதைய ஜமாவில் திரை பிடிக்கிறவர் மாம்பழ சீசனில் மாங்கூழ் ஆலையில் இரண்டாம் ஷிப்ட் பார்த்துவிட்டு நேராக வருகிறவர், கையில் இன்னும் மாம்பழ வாசனை. ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நண்பர் அவரிடம் கேட்டார், எப்போது திரையை எடுக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொல்வார்கள்?

"யாரும் சொல்ல மாட்டாங்க. மொகத்த பாக்கக்கூடாது, பாத்தா நாமும் வேடிக்க பாக்க நின்னுடுவோம். குனிஞ்சு காலயே பாத்துட்டு இருக்கணும். சலங்க மூணு தட்டு தட்டி அப்படியே நிக்கும். அப்ப எடுத்துடணும்."

"மூன்றாவது தட்டுக்கு அப்புறமும் நிற்கவில்லை என்றால்?"

"அப்ப இன்னும் அவர் வரலைன்னு அர்த்தம். பிடிச்சுட்டே இருப்போம்."